நாலு கதிரை, ஒரு முத்திரை

வெள்ளவத்தை மாடிவீட்டில் நாலு ஜீபீயூ பூட்டி ஏஐ மொடல் ஓடவிடுகிறவர் கரண்ட் பில்லுக்கு அஞ்சாதவர். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டையே பார்த்த சனம், வேறெதற்கு அஞ்சும்? டென்சர்ஃப்ளோவுக்குக் கொஞ்சம் அஞ்சலாம்.

2015இல் கூகுள் வெளியிட்ட இந்த மென்பொருளுக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டால், கண்ணில் பட்ட ஜீபீயூ எல்லாவற்றின் நினைவகத்தையும் கிட்டத்தட்ட முழுதாக வளைத்துக்கொள்ளும். கணக்குப் போடுவதோ பூச்சிய இலக்க ஜீபீயூவில் மட்டும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கந்தோர் ஏதாவதொன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: நாலு கதிரையிலும் ஆள், நாலு மேசையிலும் கோப்பு, முத்திரை குத்துவது முதல் யன்னலில். மற்ற மூவருக்கும் தேத்தண்ணி.

எந்த வேலை எந்த ஜீபீயூவுக்கு என்று நிரலிலேயே எழுதலாம்தான். எழுதின புண்ணியவான் ஏழாம் இலக்கம் என்று எழுதிவிட்டால், நாலே நாலு உள்ள இடத்தில் பிழைச்செய்தி வரும். தளர்வாகப் பார் என்று ஒரு சலுகையைத் திறந்துவிட்டால், இருக்கிற ஏதோவொன்றின் தலையில் சத்தமில்லாமல் கட்டிவிடும்.

பெரிய மொடலுக்குப் பங்கீடு கட்டாயம். 7000 கோடி எண்கள், எண்ணுக்கு 2 பைட் என்றால் 140 ஜீபீ. பெரிய ஏ100 ஜீபீயூ அட்டையில் கொள்வது 80. அடுக்குகளை இரண்டு அட்டைக்குப் பிரித்தபின், ஒரேயொரு கேள்வி வந்தால் முதலாவது உழைக்கும்போது இரண்டாவது சும்மா, இரண்டாவது உழைக்கும்போது முதலாவது சும்மா. இந்தமுறை மட்டும் சட்டப்படி.