எட்டணா நரம்பும் எட்டு இழைப் பின்னலும்

எழுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் தூண்டில் நரம்பு வாங்க யோசனையே தேவைப்படவில்லை. மளிகைக் கடையில் போய் "நரம்பு" என்றால் போதும். கடைக்காரர் ஊதுபத்திக் கட்டுக்கும் சீயக்காய்ப் பொட்டலத்துக்கும் நடுவே தொங்கும் கண்டை எடுத்து, இரண்டு கையையும் விரித்துப் பாகம் போட்டு அளந்து, பல்லால் கடித்துக் கொடுப்பார். எட்டணாவுக்கு எத்தனை பாகம் என்பது அவர் கை நீளத்தையும் அன்றைய கல்லாவையும் பொறுத்தது. என்ன தடிமன், எத்தனை கிலோ தாங்கும் என்று எந்தப் பையனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "ஏன்டா, கொள்ளிடத்துல முதலை பிடிக்கப் போறியா?" என்றிருப்பார்.

அந்த நரம்பின் ஒரு முனை மூங்கில் கம்பின் நுனியில். நடுவே தக்கை. வசதியுள்ளவனுக்கு மயிலிறகுத் தண்டு, மற்றவனுக்கு அறுந்த ஹவாய் செருப்பில் நறுக்கிய ஒரு துண்டு. கீழே ஈயக்குண்டு, அதற்கும் கீழே முள், முள்ளில் நாங்கூழ். ரீல் என்றால் எங்களுக்குச் சினிமாக் கொட்டகையில் ஓடுவது, அல்லது எங்கள் வகுப்பில் சிலர் விடுவது.

இப்போது மகள் வயிற்றுப் பேரனுக்கு அவன் அப்பா ஒரு தக்கைத் தூண்டில் செட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மடக்கி நீட்டும் கம்பு, பளபளவென்று ஒரு ரீல். நரம்பு மட்டும் தனியாக வாங்க வேண்டுமாம். தாத்தா காவிரிக் கரைக்காரர், அவருக்குத் தெரியாததா என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்க நரம்பு. பச்சை, மஞ்சள், ரோஸ், கண்ணுக்கே தெரியாதது என்று எழுதிக் கண்ணில் படும்படி தொங்கவிட்டது. விற்பனைப் பையன் மரியாதையாகக் கேட்டான்: "மோனோவா, ஃப்ளூரோவா, பிரெய்டா சார்?"

நான் வாய் திறப்பதற்குள் பேரன், "பிரெய்டு" என்றான். அவனுக்கு எல்லாம் வீடியோவில் தெரியும்.

"எட்டு இழைப் பின்னல் சார், நீளவே நீளாது, இருபது கிலோ தாங்கும்," என்று பையன் சுருளைக் கையில் வைத்தான். இருபது கிலோ! நாங்கள் போகப்போவது புது ஆற்றுக்கு. மேட்டூர் அணை வந்த 1934-ஆம் ஆண்டிலேயே திறந்த கல்லணைக் கால்வாய்க்கு எங்கள் ஊரில் இன்னமும் அதுதான் பெயர். அதன் கரையோரம் தக்கை போட்டால் மாட்டக்கூடியது கெண்டைக் குஞ்சு, கெளுத்தி, மிஞ்சினால் உள்ளங்கை அகல ஜிலேபி. 1952-இல் இந்தியாவுக்கு வந்த இந்த ஆப்பிரிக்க விருந்தாளி, வந்த இடத்தில் வீட்டுக்காரனாகிவிட்டது. அது எவ்வளவு தின்றாலும் இருபது கிலோ ஆகாது.

வள்ளுவர் தூண்டிலைக் கொண்டுபோய்ச் சூது அதிகாரத்தில் வைத்தார். சூதில் ஜெயிப்பதும் மீன் தூண்டில் இரும்பை விழுங்குவதும் ஒன்று என்பது அவர் கணக்கு. நரம்புக் கடையில் விழுங்குவது மீன் அல்ல என்பதை அவர் பார்த்ததில்லை.

பிரெய்டு மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. பாலிஎதிலின் இழைகளைப் பின்னிய அது, அதே வலு உள்ள நைலான் மோனோவைவிட மிகவும் மெல்லியது. தண்ணீரில் மிதக்கும். ஆழத்தில் பெரிய மீனோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வரப்பிரசாதம். தக்கை போடப் பழகும் பையனுக்கோ தலைவலி. துவளும் நூலாதலால் வீசும்போது தக்கையைச் சுற்றிக்கொள்ளும். சிக்கு விழுந்தால் நகம் நுழையாது, கத்திரிக்கோல்தான் கதி. நீளாது என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் புதிதாகப் பிடிக்கிறவன் தக்கை முங்கியதும் பதறி வெடுக்கென்று இழுப்பான். அப்போது கொஞ்சம் நீண்டு கொடுக்கிற நரம்பு இருந்தால்தான் மீனின் வாய் கிழியாது, முள்ளும் தங்கும். நைலான் அறுவதற்கு முன் கால் பங்குகூட நீளும். பையனின் அவசரத்தை நரம்பு வாங்கிக்கொள்ளும்.

அடுத்து ஃப்ளூரோகார்பன். விலைச்சீட்டைப் பார்த்ததும் அதன் நல்ல குணங்களைக் கேட்டறிய ஆசை வந்தது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவில். அதனால் தண்ணீருக்குள் நைலானைவிட இது குறைவாகத்தான் தெரியும். உண்மைதான். ஆனால் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, சில நாளில் புதுத் தண்ணீர் எங்கள் ஊருக்கு வரும்போது, முழங்கால் ஆழத்தில் நிற்கிறவனுக்கு அவன் கால் விரலே தெரியாது. அந்தக் கலங்கலில் தெரியாத நரம்பு எதற்கு? அதைவிட முக்கியம், இது தண்ணீரைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல் அடர்த்தி. தக்கைக்கும் கம்புக்கும் இடையே கிடக்க வேண்டிய நரம்பு முங்கிப்போய்த் தக்கையை இழுக்கும். மீன் கொத்துகிறதா, நரம்பு இழுக்கிறதா என்று புரியாமல் பையன் உட்கார்ந்திருப்பான். நைலான் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். மெல்லிய நரம்பு மேலாகவே கிடக்கும், மீன் கொத்தினால் நேரே தூக்கலாம்.

ஆக, மூன்று இனம், ஏழெட்டு நிறம், ஒரு சுவர் நிறைய விஞ்ஞானம் எல்லாம் கடந்து கடைசியில் கை போய் நின்றது மளிகைக் கடைக்காரர் கேட்காமலே கொடுத்த அதே நைலானில்! பேரனின் முகம் சுருங்கிவிட்டது. அந்த வரிசையிலேயே விலை குறைந்தது அதுதான்.

அவனைத் தேற்ற நைலானுக்கும் ஒரு வம்சவரலாறு சொன்னேன். 1935-இல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளரின் குழு உண்டாக்கியது. முதலில் கடைக்கு வந்தது பல் துலக்கும் பிரஷ் குச்சமாக, 1938-இல். அதற்கு முன் வெள்ளைக்காரத் துரைமார்கள் முள் பக்கம் கட்டியது பட்டுப்புழுவின் உள்சுரப்பி. கூடு கட்டப்போகும் புழுவைக் காடியில் ஊறப்போட்டு, அந்தச் சுரப்பியை உருவி இழுத்துக் காயவைப்பார்கள். ஸ்பெயினில் மூர்சியா வட்டாரத்துக்கு இதுவே ஒரு தொழிலாக இருந்தது. ஐசக் வால்டன் 1653-இல் தூண்டில் புத்தகம் எழுதிய நாளில் குதிரை வால் மயிர். "குதிரை சும்மா விடுமா தாத்தா?" என்றான். அதை வால்டனிடம்தான் கேட்க வேண்டும்.

தடிமனில் மறுபடி பஞ்சாயத்து. குறுக்களவு இரண்டு மடங்கானால் வலு ஏறக்குறைய நாலு மடங்காகும். அதனால் 0.20-க்கும் 0.40-க்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம், கைக்குத் தெரிவது நிறைய. தடித்தது சுருண்டு நிற்கும், லேசான தக்கையோடு வீசினால் போகாது. ரீலுக்கு 0.22 மில்லிமீட்டர் எடுத்தோம். முள் பக்கம் ஒரு முழத்துக்கு அதைவிட மெல்லியதாக 0.18. அடியில் வேலிக்கருவை முள்ளில் மாட்டினால் அந்த முழம் மட்டும் அறும், தக்கை நமக்கு மிஞ்சும். அந்தக் காலத்தில் மாட்டினால் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி எடுப்போம். எட்டணா சும்மாவா? இற்றுப்போன நரம்பைக்கூட எறிந்ததில்லை, பாசிமணி கோக்க அக்காமார்கள் பிடுங்கிக்கொள்வார்கள். இன்று கரை நெடுக வெட்டி எறிந்த சுருள்கள். மட்காது. கொக்கின் காலில் சுற்றும்.

வீட்டில் ரீலில் ஏற்றும் படலம். நான் சுருளைப் பிடிக்க, அவன் ஈரத்துணியை விரலில் வைத்து அழுத்தி இழுத்துச் சுற்றினான். விளிம்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போல விட்டு நிறுத்தச் சொன்னேன். அதற்கு மேல் போனால் வளையம் வளையமாகக் கொட்டும், குறைந்தால் வீச்சு எட்டாது. பிறகு முடிச்சு. முள்ளின் கண்ணில் நுழைத்து, ஐந்து சுற்று சுற்றி, முனையை அடி வளையத்தில் விட்டு இழுப்பதற்கு முன் எச்சில் தொட வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உரசலில் சூடேறி நைலான் அந்த இடத்திலேயே நொந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு சித்தப்பா வெற்றிலை எச்சிலில் முடிச்சு போடுவார். அவர் தூண்டில் எது என்று முள்ளின் சிவப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். விஞ்ஞானம் அவருக்குத் தெரியாது, முடிச்சும் அறுந்ததில்லை.

பேரன் முகத்தைச் சுளித்தான். "சீ, எச்சிலா?" என்று போனை எடுத்துத் தேடினான். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் நடுக்கும் குளிரில் நின்றுகொண்டு முடிச்சை நாக்கில் தொட்டு நனைத்தார். உடனே இவனும் நனைத்தான்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தேன். "தாத்தா, முள் எத்தனாம் நம்பர்?" என்றான். நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், ஒன்றுக்கு அப்பால் பூஜ்யம் சேர்ந்துவிட்டால் நம்பர் ஏற ஏறப் பெரிதாகும் என்றேன். அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மறுபடி போனை எடுத்தான்.