பின்வாசலில் நிற்பவர்

என் மகனுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க ஆசை. 'விண்ணப்பத்தில் தத்துவம் என்று போடு, உள்ளே போனதும் மாறிக்கொள்ளலாம்' என்கிறார் என் மைத்துனர். சரிப்படுமா?
– வாசகர், கோவை

அன்ரிசர்வ்டில் ஏறி ஏ.சி. பெட்டிக்கு நகர்கிறவரோ உங்கள் மைத்துனர்? டி.டி.ஆர். அங்கேயும் உண்டு.

அர்பானா-ஷாம்பெய்னில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கும் 100 பேரில் 40 பேர் வாக்கில் இடம் பெறுகிறார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸில் பத்துப் பேர்கூடத் தேறுவதில்லை. ஆகவே துறை முக்கியம்தான். ஆனால் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது: கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு நேரடியாகத் தேர்வாகாதவர்கள், பிறகு மாறலாம் என்று நம்பி வர வேண்டாம். பையன் நான்கு வருடமும் தத்துவமே படிக்க நேரலாம், அதுவும் டாலரில். தவிர, சான்றிதழ் எல்லாம் ரோபோ போட்டி, ஆசை மட்டும் பிளேட்டோ மேல் என்றால் விண்ணப்பத்தைப் படிப்பவருக்குச் சிரிப்பு வராதா?

எம்.ஐ.டி.யில் இந்தத் தொல்லை இல்லை. முதலாண்டு முடியும்போது துறையைச் சொன்னால் போதும். 100க்கு 95 பேரைத் துறை பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கம்ப்யூட்டரோடு வேறு எதையாவது சேர்த்துப் படிக்க வழி உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

அதே இல்லினாயில் இசையோடு படிக்கலாம், மொழியியலோடு படிக்கலாம், பயிர் அறிவியலோடும் படிக்கலாம். தஞ்சாவூரிலிருந்து கேட்கிறீர்கள்... வயல் இருக்கிறதா, ப்ளாட் போட்டாயிற்றா?