முன்பின்னாக ஜக்கெற் போட்டவர்

ஜக்கெற்றை முன்பின்னாகப் போட்டு, முதுகுப்பக்கம் வந்துவிட்ட சிப்பை வேறொருவரைக் கொண்டு இழுப்பிக்கிறவரைத்தான் சொல்கிறேன். கீரியில் ஒருவர் இருக்கிறார். தாழ்வுபாட்டிலும் இருப்பார், பேசாலையில் ஒன்றுக்கு இரண்டாக இருப்பார், வவுனியா கிளிநொச்சி என்று போனால் சந்திக்குச் சந்தி நிற்பார். கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கிய முதல் நாளே அலுமாரிக்கு மேலிருக்கும் பெட்டியை இறக்கிவிடுவார். மாசி முடியாமல் அது திரும்ப மேலே ஏறாது.

எனக்கும் இவருக்கும் உள்ள வழக்கு, இவருடைய மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் நான் வேலைக்குப் போகிறேன் என்பதுதான். கீரியிலிருந்து மன்னார்ப் பட்டினம், பாலம், தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடுவதாகப் பேச்சு. ஆறு மணிக்கு நான் படலையில் நிற்பேன். அவர் அப்போதுதான் பெனியனுக்கு மேலே பேப்பர் வைத்துக்கொண்டிருப்பார்.

பேப்பர் என்றால் ஞாயிறு வீரகேசரி. கிழமை நாள் பேப்பர் உதவாது, பக்கம் குறைவு என்பது அவருடைய முடிவு. நடுப்பக்கத்தை எடுத்து நான்காக மடித்து, நெஞ்சிலே ஒன்று, வயிற்றிலே ஒன்று வைத்து, சேட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டுவார். நியாயம் சொன்னால், இது மூடவேலை அல்ல. பிரான்ஸில் நடக்கிற பெரிய சைக்கிள் ஓட்டப் போட்டியில் மலையுச்சியை எட்டியவர்கள், இறக்கத்தில் அடிக்கிற காற்றுக்கு, வழியில் நிற்கிறவர்களிடம் பத்திரிகை வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். தாளுக்கு இடையில் நிற்கிற காற்று குளிரை உள்ளே விடாது. ஆனால் அவர்கள் இறங்கியது ஆல்ப்ஸ் மலை. மன்னார்த் தீவில் இறக்கம் என்று சொல்ல இருப்பது பாலத்தின் முடிவு மட்டுமே. 2022 இல் தாள் தட்டுப்பாடு வந்து பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தபோது, ஊடகத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பலர் கவலைப்பட்டார்கள். அதை நெஞ்சிலே நேரடியாக உணர்ந்தவர் இவர் ஒருவர்தான்.

சேட்டுக்கு மேலே சுவெட்டர். டொரோண்டோவிலிருந்து மச்சான் அனுப்பியது; முன்னால் மேப்பிள் இலையும் ஐஸ் ஹொக்கி அணியின் பெயரும். அதற்கு மேலே கழுத்தைச் சுற்றித் துவாய், துவாய்க்கு மேலே மப்ளர். காது இரண்டிலும் பஞ்சு. மூக்கின் கீழ் சித்தாலேபே, நெற்றியில் சித்தாலேபே, பஞ்சிலும் கொஞ்சம். பிறகு காதுமூடித் தொப்பி. தொப்பிக்கு மேலே ஹெல்மெற். தொப்பியின் பருமனால் ஹெல்மெற் தலைக்குள் இறங்காது, உச்சியில் உட்கார்ந்திருக்கும். துவாயும் மப்ளரும் இருக்கிற கழுத்தைத் தாண்டி ஹெல்மெற் வார் மறுபக்கம் எட்டவும் எட்டாது. கையுறை கிடையாது, பிள்ளையின் பள்ளிக்கூடச் சொக்ஸ் இரண்டு கைக்கும். சொக்ஸுக்குப் பெருவிரல் வேறாக இல்லாததால் ஹோன் அடிக்க இயலாது. பனிக்குள் யார் ஹோன் அடிக்கிறது, அடித்தால் வாயைத் திறந்த மாதிரித்தானே, என்று அதற்கும் ஒரு நியாயம்.

கடைசியில் ஜக்கெற்.

"தம்பி, அந்தச் சிப்பை ஒருக்கா இழுத்துவிடும். மெல்ல. பேப்பர் கிழிஞ்சிடும்."

இழுத்துவிடுவேன். இழுத்து முடிந்த பிறகுதான் சாவி காற்சட்டைப் பைக்குள் இருப்பது நினைவு வரும். மறுபடி இறக்கி, எடுத்து, ஏற்றி, சைக்கிள் ஸ்ரான்டைத் தட்டியதும் முகம் ஒரு மாதிரிப் போகும். "இஞ்சாரும்" என்று வீட்டுக்குள் பார்த்து ஒரு சத்தம். பிளேன்ரீ அளவுக்கு அதிகம் குடித்திருக்கிறார். எல்லாம் கழன்று, பின்வளவுக்குப் போய் வந்து, எல்லாம் மீண்டும் ஏறும். நெஞ்சுப் பேப்பரின் இடம் மாறிப்போனதால் அதற்கு வேறாக ஒரு சரிபார்ப்பு.

இவ்வளவும் இடுப்புக்கு மேலே. இடுப்புக்குக் கீழே பாட்டாச் செருப்பு. சப்பாத்து ஓபிசில் மேசைக்குக் கீழே இருக்கிறது. விரல் பத்தும் பனியில் விறைத்து வெளுத்துப்போய் கியரைத் தட்டிக்கொண்டிருக்கும். கேட்டேன்.

"பனி காதாலதான் ஏறும் தம்பி. காலால ஏறாது."

இனி எஞ்சின் சூடாக வேண்டும். சோக்கை இழுத்துவிட்டு உதைத்து, வண்டி உறுமத் தொடங்கியதும் பக்கத்தில் நின்று தாங்கியில் கை வைத்துப் பார்ப்பார். பெற்றோல் தாங்கி எப்படிச் சூடாகும் என்று கேட்கக்கூடாது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் கோட் காட்டிப் பெற்றோல் அடித்த 2022 இல்கூட இந்தச் சடங்கு நிற்கவில்லை. நாட்டின் பெற்றோலில் ஒரு பங்கு கீரியில் ஒரு முற்றத்தில் நின்ற இடத்திலேயே எரிந்தது.

மன்னாரில் தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே போவது அரிது என்பதை ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். நுவரெலியாவில் தை மாசியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூக்கும், அங்கே மரக்கறி மூட்டையோடு போகிறவன் ஒரு சுவெட்டரோடு போகிறான் என்றேன். ஜேர்மனியில் 1956 இலிருந்து வருடாவருடம் நடுக்குளிரில் மோட்டார் சைக்கிள்காரர் கூட்டம் ஒன்று நடக்கிறது, அதற்கு ஆனைக் கூட்டம் என்று பெயர், பவேரியக் காட்டில் கொட்டுகிற பனிக்குள் கூடாரம் அடித்துப் படுக்கிறார்கள் என்று போனில் வீடியோவும் காட்டினேன். சொக்ஸ் கையால் போனைத் தள்ளிவிட்டார்.

"அவங்களுக்கு ஆனை. எங்களுக்கு ரோட்டில படுக்கிறது கழுதை. ரெண்டும் ஒண்டா?"

டொரோண்டோ மச்சானுக்கும் இதே கதி. வட்ஸ்அப்பில் அந்த மனுசன் வாசலில் இடுப்பளவு பனியை வெட்டிக்கொண்டு நிற்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிள் கார்த்திகையில் கராஜுக்குள் போனால் சித்திரையில்தான் வெளியே வரும். அவருக்கு இங்கிருந்து ஆறுதல் போகிறது: "உன்ர மைனஸ் இருபது காய்ஞ்ச குளிர் மச்சான், அது தோலோட நிண்டிடும். எங்கட இருபத்திமூண்டு ஈரக் குளிர். எலும்புக்குள்ள போகும்."

எலும்புக்குள் போகிறதோ இல்லையோ, கண்ணை மறைக்கிறது. இந்தப் பனி கடலில் இருந்து எழும்பி வருகிறது என்பது அவர் கட்சி. மழையில் ஊறிய நிலம், முகில் இல்லாத இரவு, காற்று விழுந்த நேரம், மூன்றும் சேர்ந்தால் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்து, தரையோடு கிடக்கிற ஈரக்காற்றைத் துளித்துளியாக்கிவிடும். சூரியன் ஏறி இரண்டு மணித்தியாலத்தில் கலைந்துவிடும். அன்றைக்குக் காற்றாலைகளும் தூங்கும். 2020 மார்கழியில் திறந்த தம்பபவனியின் 30 காற்றாடிகளில் ஒன்றின் இறக்கைகூட அசையாமல் பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

இது வெளிப்பனி. உள்பனி ஒன்றும் உண்டு. அது இவரே தயாரிப்பது. மப்ளரை மூக்குவரை ஏற்றிக் கட்டியிருப்பதால் விடுகிற மூச்சுக்குப் போக வேறு வழி இல்லை. நேரே மேலே ஏறி முதலில் மூக்குக்கண்ணாடியில் படிகிறது, மிச்சம் ஹெல்மெற் கண்ணாடியில் படிகிறது. மூச்சு சூடு, கண்ணாடி குளிர், மூடின கண்ணாடி. கொஞ்ச நேரத்தில் உள்ளே முழுப் பனிக்காலம். பட்டினத்தை நெருங்கும்போது வெளியே எனக்கு ரோட்டோரத் தந்திக்கம்பம் தெரியும், அவருக்குத் தெரியாது. சொக்ஸ் விரலால் துடைப்பார். அவர் துடைப்பது வெளிப்பக்கம். புகை இருப்பது உள்பக்கம். "இண்டைக்குப் பனி கடுமை தம்பி" என்பார். பிறகு வேறு வழியில்லாமல் ஹெல்மெற் கண்ணாடியைத் தூக்கிவிடுவார். காற்று அடித்துச் சித்தாலேபே கண்ணுக்குள் போய்த் தாரை தாரையாக வடியும். "பாத்தீரே, பனி கண்ணுக்கால இறங்குது."

பாலத்தில் ஒருமுறை நிற்பாட்டுவார். கட்டுகளை இறுக்க. இரண்டு பக்கமும் தரவைத் தண்ணீர், எங்கோ வெள்ளைக்குள் பூநாரைகளின் சத்தம் மட்டும். வங்காலைச் சரணாலயத்தைப் பார்க்கக் கழுத்தில் கமெராவோடு கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இந்த மாதங்களில் அதிகம். அப்படி வந்த ஒருவர், பறவை ஒன்றும் கண்ணில் படாத கவலையில் இருந்தவர், மெல்லக் கமெராவை எங்கள் பக்கம் திருப்பியதைக் கண்டேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நேரே நின்றார்.

2022 மார்கழிக்குப் பிறகு இவரோடு பேசவே வழியில்லாமல் போய்விட்டது. மன்டூஸ் புயல் வந்த அந்த நாட்களில் மழையும் காற்றும் குளிரும் சேர்ந்து அடித்து, வடக்கு கிழக்கில் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. வெட்டைகளில் படுத்த இடத்திலேயே கிடந்தன. அதைச் சொல்லிக்காட்டும் உரிமை இவருக்கு உண்டு, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த இரவு, ஜக்கெற்றும் தொப்பியுமாக, உரப்பைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டி பட்டியாகப் போய் அயலவரின் ஆடுகளுக்குச் சாக்குக் கட்டிவிட்டவர் இவர்தான். சாக்கு முடிந்ததும் பக்கத்து வீட்டுக் குட்டி ஒன்றுக்குத் தன் டொரோண்டோ சுவெட்டரைக் கழற்றிப் போட்டார். குட்டி தப்பிவிட்டது. இடது கையை முழங்கைவரை தின்றும்விட்டது. இன்றைக்கும் அந்தக் கையோடுதான் போடுகிறார். அந்தப் பக்கம் பேப்பர் கொஞ்சம் கூட.

இந்த மனுசனைப் பிறகு எப்படிப் பேசுவது? ஆனாலும் ஒன்றைப் பேசத்தான் வேண்டும்.

இவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்லைற் இல்லை. பல்ப் போய் எவ்வளவு காலமோ. ஜக்கெற்றின் முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற வெள்ளிப்பட்டி ஒன்று தைத்திருக்கிறது. பின்னால் வருகிறவனுக்குத் தெரியட்டும் என்றுதான் செய்தவன் தைத்தான். முன்பின்னாகப் போட்டதால் அது நெஞ்சுக்கு வந்துவிட்டது. பின்னால் கறுப்புச் சிப் ஒன்றும், கருநீலச் சேட்டோடு நானும். முன்லைற்றோ எப்போதும் மேலே தூக்கின வெளிச்சம். லைற்றைக் கூட்டினால் பனி கலையும் என்று எண்ணம். வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு வந்த வழியே திரும்பி முகத்தில் அடிக்கும். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர். தாழ்த்திப் பிடித்தால் தார் தெரியும், தெரிகிற அளவுக்கு ஓடலாம். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இரவெல்லாம் சூடு பிடித்து வைத்திருக்கிற தார்ரோட்டில் மன்னார்க் கழுதைகள் படுத்துக் கிடக்கின்றன. சாம்பல் நிறம், பனியின் நிறம். மீன்பெட்டி கட்டின சைக்கிள்காரர் அந்த வழியால்தான் வருகிறார். ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள், வெளிச்சம் இல்லாத சைக்கிளில், இருவர் இருவராகக் கதைத்துக்கொண்டு போகிறார்கள். பஞ்சு அடைத்த காதுக்கு அவர்களின் மணி கேட்காது. துவாய் சுற்றிய கழுத்து திரும்பாது. பின்னால் வருகிற ரிப்பருக்கு எங்களைத் தெரியாது. தன் காதுக்குள் ஒரு துளி பனி போகக்கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிற மனுசர், அதே பனிக்குள் தான் யாருடைய கண்ணுக்கும் தெரியாமல், யாரையும் கண்ணால் காணாமல் போவதைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. சிரிப்பதற்கு இதில் எனக்கு ஒன்றும் இல்லை. பின்சீற்றில் இருக்கிறவன் நான்.

சொன்னேன். வெளிப்படையாகவே சொன்னேன்.

"பின்னால லைற் எரிஞ்சா பற்றரி இறங்கும் தம்பி. பிறகு பனிக்கு ஸ்ராட் ஆகாது."

அவருடைய பழைய 100 சிசி வண்டியில் அந்த லைற்றுக்குரிய மின்சாரம் எஞ்சின் சுழலும்போது அதிலிருந்தே வருகிறது, பற்றரிக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று விளக்கினேன். ஹெல்மெற் தலையை ஆட்டினார். ஹெல்மெற் ஆடியது, தலை ஆடியதா தெரியாது. அடுத்த நாள் பட்டினத்தில் ஒரு பல்ப்பை வாங்கி, அவர் சிப் இறக்கிப் பின்வளவுக்குப் போன நேரத்தில் நானே பூட்டிவிட்டேன். ஒரு கிழமை சிவப்பாக எரிந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு விடியல் வண்டி உயிலங்குளத்துக்குக் கிட்ட முக்கி முனகி நின்றுவிட்டது. கீரி முற்றத்தில் இழுத்த சோக்கை அவர் திருப்பித் தள்ளவேயில்லை. அவ்வளவு தூரமும் பெற்றோல் கூடிக் கூடிப் போய்ப் பிளக் கறுத்து நனைந்திருந்தது. பிளக்கைக் கழற்றத் திறப்பு இல்லை. நான் பின்னால் தள்ளினேன். அவர் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், பாட்டாச் செருப்பு டப் டப் என்று அடிக்க. திரும்பிப் பார்க்க முடியாததால் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"பாத்தீரே தம்பி, நீர் பல்ப் போட்ட வேலை."