டீசல் காசு அடைப்புக்குறிக்குள்ளே

வாப்பு. புத்தகத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அக்காள்மடம் ஊரே அதிர வர்றே. என்ன, இயற்கணிதமா? வாக்கியத்துல இருக்கிற கணக்கைக் கோவையா எழுதணுமாக்கும்? உட்காரு. ஒன் கூட்டாளிங்க குறுக்குவழியை மொதல்ல சொல்லிடறேன். கணக்கை வாசிக்கவே கூடாது. 'அதிகம்'னு கண்ணுல பட்டா கூட்டு. 'குறைவு'ன்னா கழி. 'மடங்கு'ன்னா பெருக்கு. வேற எங்கேயும் பார்த்துத் தொலைக்காதே, புத்தி வந்துரும்.

நேத்தும் அப்படித்தானே போட்டே? நம்ம வலையில 12 நண்டு, அது பக்கத்து வலையைவிட 5 அதிகம், பக்கத்து வலையில எத்தனைன்னு கேட்டா, நீ 17-ன்னு எழுதிட்டே. ஏழு நண்டு வச்சிருந்தவனுக்குச் சும்மா பத்து நண்டு தூக்கிக் கொடுத்த தர்மப்பிரபு! அவன் நண்டு x-ன்னா, x + 5 தான் 12. கூடுதலா இருக்கிறது யார்கிட்டன்னு பார்க்க வேணாமா?

தடைக்காலத்தை எடுத்துக்க. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மொத்தம் 61 நாள். அது சர்க்கார் போட்ட எண்ணு, அசையாது. ஒன் புத்தகத்துல மாறிலி. கழிஞ்ச நாள் x, விடிஞ்சா மாறிடும். மிச்சம் 61 − x. எழுத்து முன்னால நின்னாத்தான் மரியாதைன்னு நீ x − 61 போட்டுப் பாரு, மொத நாளே மைனஸ்ல நிப்பே. வட்டிக்காரர் நோட்டுல நான் நிக்கிற மாதிரி.

இந்த இயற்கணிதம் வெள்ளைக்காரன் சரக்குன்னும் சலிச்சுக்காதே. காரி நாயனார் கணக்கதிகாரம்ங்கிற பழைய தமிழ்க் கணக்குப் புத்தகத்துல பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ண வழி சொல்லியிருக்காரு. காம்பைச் சுத்தி இருக்கிற முள்ளை எண்ணி, 6-ஆல பெருக்கி 5-ஆல வகுக்கணும். முள்ளு m-ன்னா சுளை 6m/5. நூறு முள்ளுக்கு 120 சுளை. பழம் இந்தக் கணக்கை மதிக்குமான்னு கேக்குறியா? ஒண்ணு வாங்கிட்டு வா, தின்னு பார்த்துச் சொல்றேன்.

சரி, நம்ம பொழப்புக்கு வருவோம். மீனு, சங்காயம் எல்லாம் வித்து x ரூபா. டீசல், ஐஸு, பேட்டா எல்லாம் சேர்த்து y. போட்டுக்காரருக்குப் பாதி, வேலைக்குப் போன நாலு பேருக்குப் பாதின்னு பேச்சு. 'செலவு போக மீதியில பாதி'ன்னா (x − y)/2. 'பாதியில செலவு போக மீதி'ன்னா x/2 − y. அதே சொல்லுதான், இடம் மாறிக் கிடக்கு. x 40,000, y 16,000-ன்னு வச்சுக்க. மொதல் பேச்சுப்படி நாலு பேருக்கும் 12,000, ஆளுக்கு 3,000. ரெண்டாவதுல மொத்தமே 4,000, ஆளுக்கு ஆயிரம். டீசல் காசு அடைப்புக்குறிக்குள்ளே இருந்தா ரெண்டு தரப்பும் சுமக்கும். வெளியே வந்துட்டா வலை இழுத்தவன் தலையில. இதுக்குத்தான் கடலுக்குப் போறதுக்கு முந்தியே பேசிக்கணும். கரைக்கு வந்த பெறகு குறி போடுறவன் யாருன்னு ஒனக்கே தெரியும்.

பரீட்சையில தப்பா எழுதினா அரை மார்க்குதான் போகும், அழாதே. ஒன் அப்பன் மூவாயிரத்துக்குப் பதிலா ஆயிரத்தோட வீட்டுக்குள்ளே நுழைஞ்சான்னா, ஒங்காத்தா x, y எதுவும் கேக்க மாட்டா. மிச்சம் ரெண்டாயிரம் எங்கேன்னுதான் கேப்பா. அந்த நேரத்துல நீ நோட்டைத் தூக்கிக்கிட்டு அவ முன்னால போய் நிக்காதே அப்பு.