பழைய ஆம்ப்ளிஃபையரின் நம்பகம்: ஓர் அளவையியல் ஆராய்ச்சி

உயர்தர ஒலிக்கருவி எது என்பதற்கு ஒலியின் துல்லியத்தையும் கருவியின் எடையையும் வைத்துப் பலரும் பலவாறு இலக்கணம் வகுத்திருப்பினும், எதன் விலையைக் கேட்டதும் வீட்டார் சற்றுநேரம் பேச்சிழப்பரோ அதுவே உயர்தர ஒலிக்கருவி என்னும் வரையறை, குன்றக்கூறல், மிகைபடக்கூறல் ஆகிய குற்றங்கள் இன்றி நிற்பதால், இங்குக் கொள்ளப்படுகிறது. அத்தகைய கருவி முதல் விலையின் ஒரு பகுதிக்குக் கைமாறும்போது, வாங்குபவர் நெஞ்சில் எழும் எதிர்பார்ப்புக்கும் கருவியின் உள்ளே பல்லாண்டாக நடந்துவரும் வேதியியலுக்கும் எவ்வளவு தொடர்பு உண்டு என்பதே ஆராயப்படும் பொருள்.

அறியும் வழிகளை அளவை என்று வழங்கும் தருக்க நூலார், காட்சி, கருதல், உரை என்னும் மூன்றைத் தலைமையாகக் கொள்வர். இவற்றுள் காட்சியாவது, வாங்குபவர் விற்பவரின் வீட்டுக்கே சென்று, தமக்குப் பழகிய பாடலைப் போடச்செய்து, வால்யூம் குமிழைத் திருகிக் கரகரப்பு எழுகிறதா என்று செவிமடுப்பது. அக்கரகரப்போ பெரும்பாலும் தூசும் களிம்பும் படிந்ததால் வருவதும் துப்புரவுத் திரவம் தெளித்தால் தீர்வதுமாகும். பணத்தைக் கரைக்கும் பழுதுகள் வெப்பநிலை பார்த்தே தலைகாட்டுவன. டிரை சால்டர் எனப்படும், பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் விட்ட விரிசல், கருவி நன்கு சூடேறிய பின்னரே தொடர்பை அறுக்கும். முதுமையுற்ற கண்டன்சரோ குளிர்ந்த நிலையில் முரண்டுபிடித்துச் சூடேறியதும் அடங்கிவிடக்கூடும். ஆகவே வருபவர் காத்திருக்கலாகாது என்னும் நல்லெண்ணத்தால் விற்பவர் கருவியை முன்கூட்டியே இயக்கி வைப்பது பின்னதை மறைக்க, பத்தே நிமிடத்தில் பேரம் படிவது முன்னதை மறைக்கிறது. ஆறிய கருவியை இயக்கச்செய்து ஒரு மணிநேரம் அசையாமல் அமர்ந்திருப்பதே முறையெனினும், அதற்கு அறிமுகமில்லாத வீட்டில் இரண்டாவது காபியையும் மறுக்காத நெஞ்சுரம் வேண்டும்.

மலைமேல் புகை கண்டு அங்கே நெருப்பு உண்டெனத் துணிவது கருதலளவைக்குக் காலங்காலமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. ஆம்ப்ளிஃபையரைப் பொறுத்தவரை அது எடுத்துக்காட்டு அன்று, நிகழ்ச்சிக் குறிப்பு. எனினும் வாங்குபவர் செய்யும் கருதல் வேறு: கனமானது, ஆகவே உறுதியானது, ஆகவே நெடுநாள் உழைப்பது. கனம் தருவன மின்மாற்றியும் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் துடுப்புகளுமே. அவை பழுதாவது அரிது. பழுதாவது எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர், அதாவது இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே மின்பகு திரவத்தில் ஊறிய காகிதத்தை வைத்துச் சுருட்டி உருளைக்குள் அடைத்த பாகம். அத்திரவம் ஆண்டுகள் செல்லச்செல்ல வற்றும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கொள்ளும் கணக்கு. பாட்டு ஒலிக்காத வேளையிலும் குறையாத மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிக்கொண்டே இருக்கும் 'கிளாஸ் ஏ' வகையே அன்பர்களால் பெரிதும் போற்றப்படுவது. தன் உறுப்புகளைத் தானே வேகவைத்துக்கொள்வதிலும் அதுவே முதன்மை பெறுகிறது. ஸ்பீக்கரில் கூம்பின் விளிம்பைத் தாங்கும் பாலியூரித்தேன் நுரை வளையமோ, பாடினாலும் பாடாவிட்டாலும் ஈரக்காற்று பட்டுக் காலப்போக்கில் பொடியாகிவிடுவதால், அதிகம் பயன்படுத்தாமல் வைத்திருந்தேன் என்னும் சான்றிதழ் அங்கே செல்லாது.

உரையளவையாவது விற்பவரின் வாக்கு. இதில் ஆராய்ச்சியாளரைத் திகைக்கச்செய்வது, ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு வாக்குகள் ஒரே பயனைத் தருவதாகும். இதுவரை திறக்கப்படவே இல்லை என்றால் விலை கூடுகிறது. முழுவதும் சர்வீஸ் செய்யப்பட்டது என்றாலும் கூடுகிறது. முன்னது நாற்பதாண்டுத் திரவம் உள்ளே அப்படியே இருக்கிறது என்றும், பின்னது யாருடைய கை பட்டதோ தெரியாது என்றும் பொருள்படக்கூடும். சிறு வேலைதான் பாக்கி என்னும் வாக்கின்மீது, சிறிதாயின் அவரே அதை முடித்து விற்றிருக்கலாமே என்று தடை எழுப்புவோர் உண்டு. அத்தடைக்கு இதுவரை தக்க விடை கூறப்படவில்லை.

இனி, பழுது பார்க்கக்கூடியதா என்னும் வினாவுக்கு வயதை வைத்து விடைகாண்பது பொதுவழக்கு. அது பிழையென்பது இவ்வாராய்ச்சியின் துணிபு. இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் 1957 முதல் 1985 வரை செய்யப்பட்ட குவாட் மின்நிலை ஸ்பீக்கர், கூம்புக்கு மாற்றாக, ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை அதிரவிட்டு ஒலி எழுப்புவது. கேட்கவே அச்சமூட்டும் அக்கருவிக்கு இன்றும் புதுப் படலம் கட்டித் தருவோர் உளர். 1970களின் நடுவில் சோனியும் யமஹாவும் பெருமையுடன் பயன்படுத்திய வி-ஃபெட் என்னும் தனிவகை டிரான்சிஸ்டரோ உற்பத்தியிலேயே இல்லை. அது எரிந்தால், உறுப்புக்கொடைக்காக அதே கருவி இன்னொன்றைத் தேட நேர்கிறது. நாகமிச்சியின் 1982ஆம் ஆண்டு 'டிராகன்' கேசட் கருவி, ஒலிமுனையின் சாய்வை நாடாவுக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் பேரறிவுடையது. அப்பேரறிவு தடுமாறும் நாளில் அதற்கு நிகரான அறிவுடைய மெக்கானிக்கைக் காண்பது எளிதன்று. சி.டி. பிளேயரின் லேசர் முனை தேய்ந்து, மாற்று முனையும் சந்தையில் தீர்ந்துபோனால், சுற்றியிருக்கும் உலோகப் பெட்டியின் அழகு துடைத்து வைப்பதற்கு மட்டுமே பயன்படும். எங்கும் கிடைக்கும் பாகங்களால் ஆனது கிழமாயினும் பிழைக்கும். தனக்கென்றே செய்த பாகத்தால் புகழ்பெற்றது அப்பாகத்தோடு போகும். ஜப்பானின் 100 வோல்ட்டுக்கென ஆக்கப்பட்ட கருவியை இந்தியாவின் 230 வோல்ட் துளையில் நேரே செருகுவோர் இவ்வகைப்பாடுகள் அனைத்தையும் ஒரே கணத்தில் கடந்துவிடுகின்றனர்.

வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் இவ்வாராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை. அவற்றில் தேய்ந்த வால்வைக் கையாலேயே பிடுங்கிப் புதியதைச் செருகலாம் என்பது ஒருபுறமிருக்க, இரைச்சலை இதமென்றும் திரிபை இனிமையென்றும் கொள்ளும் அன்பர் பலர் அங்கே இருப்பதால், பழுது என்பதற்கு அவர்களுக்கும் உடன்பாடான இலக்கணம் வகுக்க இயலவில்லை.