ஓனருக்கு முட்டி வலி

காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் கடைக்குக் கடை ஒரு ஓனர். ஓனருக்கு ஓனர் ஒரு வியாதி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ளூர் டாக்டர் போதும். முட்டி தேய்ந்தால் மட்டும் சிங்கப்பூர்.

பஸ் ஏறினால் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. வங்காளதேசத்துக்காரர்களோ எல்லை தாண்டி, ரயிலேறி, வேலூர் சி.எம்.சி.க்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள். இதைச் சொன்னால் நம்ம ஓனர் சிரிப்பார். "எக்ஸ்போர்ட் சரக்கு எது, லோக்கல் எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" தெரியும். செகண்ட்ஸையும் சர்ப்ளஸையும் 'எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க' என்று ஊருக்கே உடுத்தி அனுப்பியவர் அல்லவா? அதனால்தான் தனக்கென்று வரும்போது ஒரிஜினல் கேட்கிறார்.

முன்னுதாரணமும் கைவசம் உண்டு. எம்.ஜி.ஆர். 1984இல் அமெரிக்காவின் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 2011இல் ரஜினி சிங்கப்பூர் மவுண்ட் எலிசபெத்தில் குணமாகித் திரும்பினார். இரண்டு பேருமே முட்டிக்காகப் போகவில்லை என்பதை ஓனர் கண்டுகொள்வதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மெயிலில் கொட்டேஷன் வந்ததும் மகனைக் கூப்பிட்டுப் பதில் அடிக்கச் சொன்னார்: "ரெண்டு முட்டியும் சேர்த்து எடுத்தா என்ன ரேட்டு? பேமெண்ட் தொண்ணூறு நாள்." முன்பணம் கட்டினால்தான் தேதி என்று பதில் வந்தது. ஓனருக்கு அன்று சோறு இறங்கவில்லை. "சரக்கைக் கண்ணுல பார்க்காம எவனுங்க பணம் கட்டுவான்?"

தேதியும் லேசில் அமையவில்லை. தீபாவளி ரஷ், போனஸ், பொங்கல், மார்ச் கணக்கு. முட்டி பாவம், வாய் இல்லாதது, காத்திருந்தது.

அதற்குள் வீட்டுக்கார அம்மா பெட்டி கட்டத் தொடங்கினார். பருப்புப் பொடி, ஊறுகாய், குருமாவுக்கு அரைக்கக் கால் கிலோ கசகசா. விசா எடுத்துக் கொடுத்த டிராவல்ஸ் தம்பி கசகசாவைப் பார்த்து அலறிவிட்டான். சிங்கப்பூரில் அது தடை. பிடிபட்டால் ஓனருக்கு முன்னால் அம்மா வேறொரு இடத்தில் அட்மிட் ஆக வேண்டியிருக்கும். மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னான். அம்மாவுக்கு மாத்திரை பற்றிக் கவலையில்லை. "அப்ப அந்த ஊருல குருமாவே வெக்க மாட்டாங்களா தம்பி?"

கசகசா போன இடம் காலியாக இருக்கவில்லை. புறப்படும் முன் எடை போட்டுப் பார்த்தால், பணம் கட்டி வாங்கிய 30 கிலோ லக்கேஜில் 22 கிலோ பனியன் சாம்பிள். ரவுண்டு நெக், காலர், பாப்பா செட்டு. சைஸ் வாரியாகப் பாலிதீன் கவரில்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி நாலு நாள் சும்மாதானே இருக்கோணும். சிராங்கூன் ரோட்டுல பத்துக் கடை ஏறி இறங்கினா ஒரு ஆர்டராவது மாட்டாதுங்களா?"

அம்மா ஜிப்பை இழுத்து மூடினார்.

"ஏனுங்க, எந்த முட்டியில ஏறப் போறீங்க?"