கட்டற்ற அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குள் ஒரு புதுப் போன் நுழைந்தால், வாங்கியவர் வீட்டுக்காரிக்குத் தெரிவதற்கு முன் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். கையில் கடைப் பை தொங்கினால் போதும். திண்ணையில் சாய்ந்திருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டுவார். "கொண்டாரும் வே. உள்ள என்னென்ன சனியனப் போட்டுக் குடுத்திருக்கான்னு பாப்போம்."

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் போன் நம்முடையது அல்ல. கம்பெனிக்காரன் தானாகப் போட்டு அனுப்பிய விளையாட்டு, ஜோசியம், கேட்காமலே கடன் கொடுக்கும் செயலி எல்லாவற்றையும் கோழிக்கு இறகு பிடுங்குவதுபோலப் பிடுங்கி எறிவார். மொட்டையாகிப்போன திரையை வேட்டி நுனியால் துடைத்து நம் கையில் தரும்போது, பிரசவம் பார்த்துவிட்டு வெளியே வரும் மருத்துவச்சியின் களைப்பும் நிறைவும் அவர் முகத்தில் இருக்கும்.

நான் மாட்டிக்கொண்டது ஒரு டார்ச் செயலியால். கரண்ட் போன ராத்திரி அதை வைத்து வெளிச்சம் அடித்துக்கொண்டு தெருவில் வந்தேன். அண்ணாச்சி போனை வாங்கி, அமைப்புகளுக்குள் போய், அந்தச் செயலிக்கு நான் கொடுத்திருந்த அனுமதிகளைச் சத்தமாக வாசித்தார். தொடர்பு எண்கள். இருப்பிடம். மைக்.

"வெளிச்சம் அடிக்கதுக்கு எதுக்கு வே ஒம்ம மச்சினன் நம்பரு? அவன் இருட்டுல இருந்தா இது போன் போட்டு விசாரிக்குமோ?"

பிறகு திரையை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். டார்ச் அங்கேயே இருந்தது. மூன்று வருடமாக இருந்திருக்கிறது.

அண்ணாச்சி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். டைப்பில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் அவர் பட்ட பாட்டை இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு மேசையில் அருமையாக அடித்த தமிழ்க் கடிதம், அந்த எழுத்துரு இல்லாத அடுத்த மேசையில் திறந்தால் கொம்பும் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நெளியும். யாரோ ஒரு புண்ணியவான் எ‑கலப்பையைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். யூனிகோடில் அடிக்கலாம், எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும், கை பழகிய டைப்ரைட்டர் விசை அமைப்பும் அதிலேயே உண்டு, காசும் கிடையாது. "மொகந்தெரியாத பயலுவ ராத்திரி முழிச்சு ஒண்ணச் செஞ்சு, இந்தா வச்சிக்கோன்னு குடுக்கான் வே" என்று அவர் சொல்லும்போது குரல் லேசாகக் கரகரக்கும். அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் சிரிப்பதில்லை.

அவருடைய குலதெய்வம் ஆரஞ்சு நிறக் கூம்பு. ரோடு வேலை நடக்கும் இடத்தில் வைப்பார்களே, அது. விஎல்சி பிளேயரின் சின்னம். எதிர்வீட்டு ஆச்சியின் மகள் கல்யாண டிவிடி எந்தப் பெட்டியிலும் ஓடாமல், "படம் அழிஞ்சு போச்சு" என்று ஒரு ஸ்டூடியோக்காரர் கைவிரித்த பிறகு, அண்ணாச்சி கூம்பைத் தட்டினார், நாதஸ்வரம் கேட்டது. ஆச்சி, செத்துப்போன தாத்தா பந்தியில் இலைக்கு உப்பு வைத்துக்கொண்டு போவதைப் பார்த்து அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை பொறுமை இல்லாமல் அண்ணாச்சி பின்கதையை ஆரம்பித்துவிட்டார். 1996இல் பாரீசில் காலேஜ் பையன்கள் தொடங்கிய வேலை அது; ரோட்டில் இருந்த கூம்புகளைத் தூக்கிவந்து சேர்த்துவைத்த கூட்டம்; அந்த ஞாபகத்தில்தான் சின்னம். விளம்பரம் போட்டுக்கொள்ள விடு என்று கோடிக்கணக்கில் பணம் நீட்டியும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணாச்சி அடித்துவிடுகிறார் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் அத்தனையும் நிஜம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆச்சி கேட்டாள்: "கூம்பத் தூக்குனப்போ போலீசு பிடிக்கலையாய்யா?"

அண்ணாச்சியிடம் 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாது. 'கட்டற்ற மென்பொருள்' என்றுதான் சொல்ல வேண்டும். டீக்கடைத் தம்பிக்கு இதில் ஒரு சந்தேகம்.

"துட்டு கட்டாண்டாம்னா இலவசம்தான அண்ணாச்சி?"

"கட்டுன்னா துட்டு கட்டுகது இல்லடே. கட்டிப் போடுகது! 1983லயே ஸ்டால்மன்னு ஒரு மனுசன் சொல்லிட்டான். உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். அது சுதந்திரம். இலவசம் வேற. ஒன்ன ஒரு வீட்டுல கட்டிப் போட்டு இலவசமா மூணு வேள சோறு போடுதான்னு வையி, சரிம்பியா?"

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். "என்ன கொழம்பு அண்ணாச்சி?"

இந்தச் சுதந்திரத்துக்கு அண்ணாச்சியே விலையும் கொடுத்திருக்கிறார். தன் போனில் கம்பெனி போட்ட ஆண்ட்ராய்டைத் துடைத்துவிட்டு லினேஜ் ஓஎஸ் ஏற்றியிருக்கிறார். கைவிடப்பட்ட பழைய போனுக்கும் அது உயிர் கொடுக்கும். உண்மையிலேயே வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆனால் பூட்டை உடைத்துத் திறந்த போன் என்று தெரிந்ததும் அவருடைய பேங்க் செயலி பயந்து கதவைச் சாத்திக்கொண்டது. பணம் அனுப்பும் செயலியும் அதே பாட்டு. தெரு முழுக்க டீக்கடையில் க்யூஆர் கட்டத்துக்குப் போனைக் காட்டிக் காசு கட்டுகிறது, ஒலிப்பெட்டி பத்து ரூபாய் வந்தது என்று கூவுகிறது. அண்ணாச்சி மட்டும் மடியில் சில்லறையைத் துழாவுவார். இல்லையென்றால் வீட்டைப் பார்த்து ஒரு குரல். மதினி தன் போனோடு வருவாள். கம்பெனி கொடுத்தபடியே ஜோசியமும் விளையாட்டும் கொலுவிருக்கும் அந்தப் போனை அவர் தொட அவள் விட்டதில்லை.

"இவுகளுக்குச் சொதந்தரம் கெடச்சிட்டு. டீக்கு நாம்லா துட்டு கட்டுதேன்" என்று சொல்லிக்கொண்டே கட்டுவாள்.

29 ஜூன் 2020 அன்று டிக்டாக்கோடு சேர்த்து 59 சீனச் செயலிகளை மத்திய அரசு தடை செய்ததே, அன்றைக்கு அண்ணாச்சியைப் பார்த்திருக்க வேண்டும். ஆதார் அட்டையிலிருந்து ஜாதிச் சான்றிதழ் வரை தெருவே கேம்ஸ்கேனரில்தான் படம்பிடித்துக்கொண்டிருந்தது, அதுவும் பட்டியலில். மறுநாள் காலையில் முகக்கவசமும் இடைவெளியுமாகத் திண்ணைக்கு முன்னால் வரிசை. தடைக்குக் காரணம் எல்லைத் தகராறு என்று சொன்னால் அவர் காதில் ஏறவில்லை. டெல்லி கடைசியில் தன் பேச்சைக் கேட்டுவிட்டது என்பதுதான் அவர் கணக்கு.

தோற்ற இடமும் உண்டு. வாட்ஸப்பிலிருந்து தெருவைச் சிக்னலுக்குக் குடிமாற்றப் பார்த்தார். அந்தக் குழுவில் இன்றுவரை அவரும் நானும்தான். அங்கே ஒருவரும் ஒட்டுக்கேட்க முடியாது. கேட்கவும் ஒன்றும் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் தெருவின் அடிபம்பு, வேப்பமரம், பிள்ளையார் எல்லாவற்றையும் குறித்தவர், ஆர்வம் மிகுந்து தன் திண்ணையையும் 'உட்காரும் பலகை' என்று ஏற்றிவிட்டார். திண்ணையில் சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் இரண்டு பேர் எந்நேரமும் உட்கார்ந்திருக்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்கிறார். நிழலைப் பார்த்து வருகிறார்கள் என்பது மதினியின் கட்சி.

அந்தரங்கத்துக்கு இவ்வளவு காவல் காப்பவரிடம் ஒரு பழைய டைரி இருக்கிறது. தெருவில் பாதிப் பேருடைய பாஸ்வேர்டு அதில். நமக்கு மறந்துபோகும் என்று அவரே எழுதிவைத்துக்கொண்டது. "திருடு போனாலும் ஒருத்தனும் வாசிக்க முடியாது வே" என்பார். வாஸ்தவம். எல்லாம் சுருக்கெழுத்து.

போன வாரம் என் மின்னஞ்சல் பூட்டிக்கொண்டது. ஓடினேன். அண்ணாச்சி டைரியைப் புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிட்மன் சுருக்கெழுத்தில் ஒரு கோடு மெலிந்திருந்தால் பென்சிலின் ப, அதையே அழுத்திப் போட்டால் பஸ்ஸின் ப. பால்பாயிண்ட் பேனாவில் இரண்டும் ஒரே தடிமன்தான் வந்திருந்தது. வேகத்துக்காக உயிரெழுத்துகளையும் விட்டிருந்தார்.

"பாபு... நேசம்" என்று வாசித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு வே இந்தப் பாபு?"

"எனக்கு அப்படி யாரையும் தெரியாது அண்ணாச்சி."

"பொறும். பாப்பா... நாசம். சே, அப்படியா வைப்பீரு?"

எதிர்த் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி தலை நிமிரவில்லை.

"எய்யா, பாபநாசம்லா. பொறவு ஒரு எழுவத்தொண்ணு. அன்னைக்கு அவன் எழுத எழுத நீதான சத்தமாச் சொல்லிக்கிட்டு இருந்த?"